வேலிக்கு மேல் போட்ட வயர்

...கையைக் காட்டாதே தம்பி, முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். மூன்று வருஷமாக இந்த மேடையில் என்னை ஏற்றவில்லை. இன்றைக்கு ஏற்றிவிட்டீர்கள்... அனுபவியுங்கள்.

பங்காளிகளே, ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள். கரண்டைப் பற்றிய கதை. குலசாமி கோயிலில் கரண்டுக்கு என்ன வேலை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் எட்டாவது தாண்டாதவன். ரேடியோவைப் பிரித்துப் போட்டுக் கற்றதைத்தான் சொல்கிறேன்.

கரண்டில் இரண்டு வகை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது ஏசி. அது முன்னால் போகும், பின்னால் வரும், நொடிக்கு ஐம்பது தடவை. அப்படிப் போய்வருகிற கரண்டை டிரான்ஸ்பார்மரில் கொடுத்து வேகம் ஏற்றலாம், இறக்கலாம். அதனால்தான் எங்கேயோ அணைக்கட்டில் பிறந்தது உங்கள் அடுப்படி வரைக்கும் வருகிறது. பாட்டரியில் இருப்பது டிசி. அது போனால் ஒரே திசை. திரும்பிப் பார்க்காது. டிரான்ஸ்பார்மருக்கும் அது மசியாது. பன்னிரண்டு வோல்ட் என்றால் பன்னிரண்டுதான். மெல்லிய வயரில் தூரமாக இழுத்தால்... வழியிலேயே செத்துப்போகும். இதை மனதில் வையுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஊர். அங்கே வைரக்கண்ணு என்று ஒரு அண்ணன், சேதுரத்தினம் என்று ஒரு தம்பி. பாகப்பிரிவினை நடந்தது. கரண்டுக் கம்பம் தம்பி பங்கில் விழுந்தது. "என் தென்னைக்கு மேல உன் வயர் போகக்கூடாது" என்றான் தம்பி. "உன் கரண்டும் வேண்டாம், நீயும் வேண்டாம். இனிமே உன் வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு" என்றான் அண்ணன். நம் ஆட்களுக்குத் தெரியாத சபதமா இது?

அண்ணன் தன் கூரையில் சோலார் பலகை வைத்தான். ஒரு பாட்டரி. ஒரு குண்டு பல்பு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் திருப்பூரில். அந்த ஒரு பல்புக்குக் கீழே ஒற்றை ஆளாகச் சாப்பிடுவான். ஊர் அவனுக்கு 'டிசி வைரக்கண்ணு' என்று பேர் வைத்தது.

அப்புறம் வந்தது புயல். கம்பமெல்லாம் சாய்ந்தது. ஊரே இருட்டு. எரிந்தது ஒரே ஒரு பல்பு... யார் வீட்டில்? செல்போனுக்குச் சார்ஜ் போட ஊரே அவன் வாசலில் வந்து நின்றது. தம்பி மட்டும் வரவில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், தம்பி பெண்டாட்டி லோகாம்பாள் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"பெரியத்தான்... அவுகளுக்கு இழுப்பு அதிகமாயிருச்சு. சிமினி வெளக்குப் புகை ஆகலை. இருட்டுல கெடந்து பயப்படுறாக. ஒரு வெளக்குக் குடுங்க."

வைரக்கண்ணு கல் நெஞ்சன் இல்லை. ஆனால் சபதம்? பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போனால் படி மிதிக்க வேண்டும். யோசித்தான். என்ன செய்தான் தெரியுமா? வயரை இழுத்தான்! அவன் வீட்டிலிருந்து கொல்லை தாண்டி, கிணறு தாண்டி, வேலிக்கு மேல் போட்டு... "இந்தா, பல்பை மாட்டிக்க" என்றான்.

மாட்டினாள். பல்பு எரிந்ததா? சிவந்தது. அவ்வளவுதான். உள்ளேயிருந்து தம்பி குரல். ஒன்பது வருஷம் கழித்து முதல் பேச்சு.

"ஏண்ணே... இது வெளக்கா? நீ குடிச்சுட்டுப் போட்ட பீடியா?"

"ஜாயின்ட் சரியில்ல, இரு" என்றான் அண்ணன்.

"ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கு. நீதான் தூரமா இருக்க. பாட்டரியக் கிட்டக் கொண்டா."

கிணற்றடிக்குக் கொண்டுவந்து வயரைக் குறைத்தான். கொஞ்சம் மஞ்சளாயிற்று. வேலி ஓரம் வந்தான். இன்னும் கொஞ்சம் வெளிச்சம். கடைசியில் பாட்டரியைத் தம்பி வீட்டு வாசற்படிக்கு வெளியே வைத்தான்... பல்பு பளிச்சென்று எரிந்தது. உள்ளே தம்பி கட்டிலில் வெளிச்சம். வெளியே அண்ணன் இருட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணே."

"என்ன?"

"உள்ள வாயேன். வெளிச்சத்துல உன் மொகத்த ஒருதரம் பாத்துக்கிறேன்."

என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள்...

"வெளிச்சம் வருதுல்ல? தூங்கு" என்றான்.

லோகாம்பாள் சோறு கொண்டுவந்தாள். அண்ணன் கை நனைக்கவில்லை. மறுநாள் கம்பம் நட்டார்கள், கரண்டு வந்தது. பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இன்னொரு தரம் கூப்பிட்டால் போகலாம் என்று அவன் காத்திருந்தான். ஒரு தரம் கூப்பிட்டாயிற்றே என்று தம்பி காத்திருந்தான்.

தை மாசம் தம்பி போய்விட்டான்.

அன்றைக்கு வைரக்கண்ணு படி மிதித்தான். எல்லா அறையிலும் டியூப்லைட். தம்பி முகம் நன்றாகத் தெரிந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்கத்தான்... அங்கே கண் இல்லை.

பங்காளிகளே, அவன் கொடுக்கவில்லை என்றா சொல்கிறேன்? கொடுத்தான். இருந்த ஒரே பாட்டரியையும் கொடுத்தான். ஆனால் ஒரே திசையில் கொடுத்தான். தம்பி திருப்பிக் கேட்டது முகம். அதைக் கொண்டுபோய் வைக்கவில்லை. தூரத்திலிருந்து வரும் கரண்டுக்கு வழியில் வேகம் ஏற்ற டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மனுஷன் பாசத்துக்கு எவன் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கிறான்? அது பாட்டரி. சுமந்துகொண்டு கிட்டே போக வேண்டும். வாசற்படி வரைக்கும் போய் உட்கார்ந்தாலும் பத்தாது.

கீழவீட்டார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலவீட்டார் பந்தலில். நடுவே காலி நாற்காலிகள். எனக்குக் கண் தெரிகிறது. இத்தனை வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கத்தியவன் நான். கத்தினேன், ஒருவரும் கேட்கவில்லை.

மைக் செட்காரரே, இதை அணைத்துவிடுங்கள்... ஆமாம், அணையுங்கள். இன்னும் பேச வேண்டியது இருக்கிறது. கேட்க வேண்டுமானால், எழுந்து கிட்டே வாருங்கள்.