முகஞ்சொல்லி மண்டபம்

நம் பாட்டனாருக்குப் பாட்டனார் தொட்டிலில் கிடந்த காலத்தில், பூவத்தாங்குடி என்னும் ஊரில், கோனேரி என்னும் ஓவியர் வாழ்ந்தாராம். பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் தேர்த்திருவிழாவை எழுதுவது அவருடைய வேலை. ஓவியத்தை வரைவது என்று அக்காலத்தில் சொல்லமாட்டார்கள். எழுதுவது என்றே சொல்வார்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்குச் சுவரைப் புதிதாகப் பூசுவார்கள். படத்தையும் புதிதாக எழுதுவார்கள். எழுதியவர் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கமில்லை. தேர் இழுக்கும் கூட்டத்தில் தம் முகத்தை ஓரிடத்தில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஊரார் அதைக் கண்டுபிடித்து, "இதோ நம் கோனேரி!" என்று சொல்லவேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதானாம்.

இளமையில் தம்மை எழுதினார். அகன்ற மார்பு, முறுக்கிய மீசை. கோயிலுக்குப் பூக்கட்டும் செங்கமலம் கூடையோடு நின்று பார்த்தாளாம்.

"அடி அலர்மேலு! உன் வீட்டுக்காரரை எங்கேடி காணோம்? இங்கே யாரோ ஜமீன் மாப்பிள்ளை அல்லவா வடம் பிடிக்கிறான்!"

கோனேரியின் மனைவி அலர்மேலு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

நடுவயதில் எழுதினார். இம்முறை பெரிய கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, சுருக்கத்துக்குச் சுருக்கம் பார்த்து எழுதினார்.

"இவர் யாரடி, உன் கொழுந்தனாரா? மச்சம் இடக்கன்னத்தில் இருக்கிறதே!" என்றாளாம் செங்கமலம்.

"கண்ணாடியில் கண்டபடியேதானே எழுதினேன்!" என்றார் கோனேரி.

"நான் இத்தனை வருஷமாய் வலக்கன்னத்து மச்சக்காரரோடுதான் குடித்தனம் பண்ணுகிறேன்," என்றாளாம் அலர்மேலு.

முதுமையில் இன்னொரு குடமுழுக்கு வந்தது. அதற்கடுத்ததற்குத் தாம் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இம்முறையும் தவறினால், தம் ஊர்ச் சுவரிலேயே அவர் யாரோ ஒருவர்தாம். மற்ற முகங்களையெல்லாம் எழுதி முடித்தும், ஓர் உடம்பு மட்டும் தலையில்லாமல் வடம் பிடித்து நின்றதாம். கடைசியில் கண்ணாடியை அப்புறப்படுத்திவிட்டு, மனைவியை எதிரே உட்காரவைத்தாராம்.

"நீ சொல்லு. நான் எழுதுகிறேன்."

"நெற்றி இன்னும் மேலே போகட்டும்."

"இதற்கு மேலே போனால் முடிக்கு இடமேது?"

"முடி எங்கே இருக்கிறது?"

எழுதினார்.

"மீசை ஒருபக்கம் தாழ்ந்திருக்கும்."

தாழ்த்தினார்.

"உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்."

"நான் எங்கே சிரிக்கிறேன்?"

"என்னைப் பார்க்கும்போதெல்லாம். கண்ணாடியைப் பார்த்தால் முறைப்பீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஒருநாளும் கண்டிராத முகம் அது. அவள் சொல்லை நம்பி எழுதினார்.

குடமுழுக்கன்று செங்கமலம் கைத்தடி ஊன்றி வந்தாள். படத்தை ஏற இறங்கப் பார்த்தாள். கோனேரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஏன் கோனேரி அண்ணே! ஊரே தேரை இழுக்கிறது. நீர் மட்டும் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீரே!"

மண்டபமே சிரித்ததாம். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் கோனேரிதானாம்.

அன்றுமுதல் அதற்கு முகஞ்சொல்லி மண்டபம் என்று பெயர். இன்றும் அவ்வூரில் தாலி கட்டி முடிந்ததும் மணமக்களை அங்கே எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் முகத்தை மற்றவர் சொல்லவேண்டும் என்பார்கள். மாப்பிள்ளைகள் பெரும்பாலும் விழிப்பார்கள். பெண்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள், மூக்கு சற்றுக் கோணல் என்பதையும் சேர்த்து. அதைக் கேட்டு மாப்பிள்ளை சிரித்த பிறகுதான் பந்திக்கு இலை போடுவார்களாம்.