இரண்டு கட்டில், இரண்டு மெத்தை

இன்ஸ்பெக்டர் மேடம் அவர்களுக்கு நானே என் கையால் எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்.

வீட்டில் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பெயர் நேற்று ஸ்டேஷனில் எழுதிய தாளில் இருக்கிறது. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா வெளியூர் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறார். முகவரி, மாடியில் இங்கிலீஷ் டியூஷன் நடக்கும் என் சித்தியின் வீடு, கீழ்த்தளம், சமையலறையை அடுத்த அறை.

நேற்றைய வாக்குமூலம் என் சித்தப்பா சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதியது. நான் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதை எல்லாரும் தூங்கிய பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். சில இடங்களில் தாள் ஈரமாக இருக்கும். அது குழாய்த் தண்ணீர்தான்.

டியூஷன் எடுப்பது சித்தி. மாடியில் ஒரே ஒரு அறையும் தெருவைப் பார்த்த பால்கனியும் உண்டு. பிள்ளைகள் கூடிக்கொண்டே போனதால், அறையில் எல்லாரும் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனாலும் புதிதாக வருகிற யாரையும் சித்தி திருப்பி அனுப்பியதில்லை. யாராவது புதிதாக வந்தால் சித்தி பெஞ்சுகளை ஒரு தடவை பார்ப்பார், அதன் பிறகு எல்லாரையும் நோட்டை எடுக்கச் சொல்லி அக்காமடேட் என்ற சொல்லை எழுதச் சொல்வார். அதில் ஏ-க்குப் பிறகு இரண்டு சி வரும், முதல் ஓ-வுக்குப் பிறகு இரண்டு எம் வரும், மற்ற எந்த எழுத்தும் அடுத்தடுத்து இரண்டு முறை வராது. பாதிப் பேர் ஒரு சி-யை விடுவார்கள், அல்லது ஒரு எம்-மை விடுவார்கள். தப்பாக எழுதியவர்கள் பால்கனிக்குப் போய், வகுப்பு முடியும்வரை அதைச் சரியாக எழுதிப் பழக வேண்டும். அவர்கள் எழுந்த இடத்தில் புதியவர்கள் உட்காருவார்கள். சித்தி எத்தனையோ கஷ்டமான சொற்கள் சொல்லித்தந்திருக்கிறார், ஆனால் இடம் தேவைப்படும் நாளில் இந்தச் சொல் ஒன்றுதான்.

மறக்காமல் இருக்க, “ரெண்டு கட்டில் போட்டா ரெண்டு மெத்தை வேணும், சி கட்டில், எம் மெத்தை” என்றும் சித்தியே சொல்லித்தந்திருக்கிறார். அர்த்தம் கேட்டால் மூன்று சொல்வார். ஒருவருக்குத் தங்க இடம் கொடுப்பது, ஓர் அறை இத்தனை பேரைக் கொள்வது, அடுத்தவருக்காக அனுசரித்துப் போவது. நான் அதைக் கீழே என் அறையிலிருந்தே பல வருஷமாகக் கேட்டுவந்ததால் எனக்கு ஒருபோதும் தப்பாது. அதனால் நான் பால்கனியில் நின்றதில்லை.

கடந்த விடுமுறையில் சித்தப்பா பழைய பெஞ்சுகள் சில வாங்கிவந்தார். மாடிப்படி வளைகிற இடத்தில் அவை திரும்பவில்லை. அதன் பிறகு அவர் வாடகைக்கு ஒரு கட்டர் எடுத்துவந்து, பால்கனி கிரில்லின் இரண்டு ஓரங்களையும் சுவருக்குப் பக்கத்தில் அறுத்துக் கழற்றி, பெஞ்சுகளைக் கயிறு கட்டித் தெருவிலிருந்து மேலே இழுத்தார். நான் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தேன். அதன் பிறகு கிரில்லைப் பழைய இடத்தில் நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டி, மேலே பட்டி பூசிப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். வெல்டரைக் கூப்பிட வேண்டும் என்று சித்தியிடம் சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் வரவில்லை.

அந்த கிரில்லை முதலில் செய்து பொருத்தியவர்தான் இப்போது உங்கள் ஸ்டேஷனில் இருக்கும் வெல்டர் அண்ணன். அறுத்தது அவருக்குத் தெரியாது.

முந்தாநாள் சாயங்காலம் ஓர் அம்மா தன் இரட்டைப் பிள்ளைகளைச் சேர்க்க வந்தார். சித்தி பெஞ்சுகளைப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்தவள் தையல்காரர் மகள். அவள் வாய் மூடவே மூடாது என்பதால் நாங்கள் அவளை ஜிப்பு என்று கூப்பிடுவோம். அவள் நோட்டைத் திறக்கும் முன்பே என்னிடம் குனிந்து, “நான் வெளிய போய் நிக்கட்டுமா, எழுதிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாள். சித்தி அந்தச் சொல்லைத்தான் சொன்னார். ஜிப்பு எப்போதும்போல ஒரு எம்-மை விட்டிருந்தாள். எழுந்து போகும்போது, “ரெண்டு சி-க்கும் ரெண்டு எம்-முக்கும் இடம் இருக்காம், எனக்குத்தான் இல்லையாம்” என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார்.

பால்கனியில் மேஜை கிடையாது. கிரில்லின் மேல்பட்டை அகலமாக இருப்பதால் அதன்மேல் நோட்டை வைத்துத்தான் எழுதுவார்கள். ஜிப்புவுக்குக் கிடைத்தது ஓரத்து இடம். அவள் ஏறவில்லை, ஆடவில்லை, எட்டிப்பார்க்கவும் இல்லை. நோட்டை வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். ஓரம் பிரிந்து கிரில் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. அவள் நோட்டைத்தான் பிடித்தாள்.

அதன் பிறகு எல்லாரும் கீழே ஓடினார்கள். மருந்துக்கடைக்காரர் தன் காரில் அவளை ஏற்றினார். அவளுடைய செருப்பில் ஒன்று காலில் இல்லாததால் அதை எடுக்க நான் மேலே போனேன். அங்கே சித்தப்பா தனியாக இருந்தார். சுவரில் மிச்சமிருந்த கட்டுக்கம்பியைக் குறட்டால் வெட்டி எடுத்தார், அதன் பிறகு கிரில்லை அறுத்த முனைகளை, அறுத்த தடம் தெரியாதபடி சுத்தியலால் அடித்து வளைத்தார். என்னைப் பார்த்ததும், “அத எடுத்துட்டுக் கீழ போ” என்றார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவரும் பின்னாலேயே இறங்கிவந்து, வெட்டிய கம்பியை மாடிப்படிக்கு அடியில் இருக்கும் காலி பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடினார்.

நேற்று ஸ்டேஷனில் சித்தப்பா, பிள்ளைகள் காற்று வாங்க வெளியே நின்றதாகவும், வெல்டிங் சரியில்லாததால் கிரில் விழுந்ததாகவும் சொன்னார். வெல்டர் அண்ணன் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தன் வெல்டிங் விடாது, யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது ரைட்டர் எழுதவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து, நீ ஏதாவது பார்த்தாயா என்று கேட்டீர்கள். சின்னப் பிள்ளை, பயந்துபோயிருக்கிறாள் என்று சித்தப்பா பதில் சொன்னார். வெளியே வரும்போது வெல்டர் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் பொண்ணு எழுந்து உக்காருதா பாப்பா?” எனக்குத் தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சித்தி எனக்குத் தலை வாரிவிட்டார். வாரிக்கொண்டே, “கொஞ்சம் அனுசரிச்சுப் போடி. உங்கம்மா வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் நீ இங்கதானே இருக்கணும்?” என்றார். பாடம் நடத்துகிற அதே குரல்தான். சித்தி என்னை அடித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காமல் இருப்பவர் அவர்தான். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளவும்.

இன்று பள்ளி விட்டதும் மருத்துவமனைக்குப் போனேன். ஜிப்புவுக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு. வார்டில் இடம் இல்லாததால் தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், “மெத்தை கிடைச்சிடுச்சு, கட்டில்தான் இன்னும் வரல. இங்கயும் எனக்கு ஒரு எழுத்து குறையுதுடி” என்றாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. வெல்டரை நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள், அவனைச் சும்மா விடக்கூடாது என்று அவர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெயிண்ட் டப்பா இன்று ராத்திரி வரை அதே இடத்தில் இருக்கிறது. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். கம்பியில் பச்சைப் பெயிண்டும் பட்டியும் ஒட்டியிருக்கின்றன. நாளைக் காலை ஸ்கூலுக்குப் போகிற வழியில் இதை உங்கள் கையில் கொடுப்பேன். வெல்டர் அண்ணனைக் கூட்டிப்போகும் முன் ஆளை அனுப்பி டப்பாவை எடுக்கவும்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மேலே கொடுத்திருக்கும் முகவரி மட்டும் இன்று ராத்திரி வரைக்கும் சரி. நாளைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
பாப்பா