அறுபத்தொன்றாவது கார்டு

உங்கள் ஏட்டையா முதல் வரியிலேயே 'சீட்டாட்டம்' என்று எழுதிவிட்டார், மேடம். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். சீட்டாட்டம் என்றால் ரம்மி, மங்காத்தா, காசு வைத்து ஆடுவது. நாங்கள் ஆடியது அதில்லை. பதினோரு வருஷமாக இதையே ஆளாளுக்கு விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. என் மாமனாருக்குச் சொன்னேன், கிளப்பிலிருந்து எங்களைத் துரத்திய செக்யூரிட்டிக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். இதுதான் கடைசித் தடவையாக இருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு டெக் வேண்டும். டெக் என்றால் கார்டுக் கட்டு. அதை வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு வர வேண்டும். ஆயிரக்கணக்கில் கார்டுகள் உண்டு. அதிலிருந்து பொறுக்கி அறுபது எடுக்க வேண்டும். ஒரே கார்டில் நாலுக்கு மேல் கூடாது. பார்க்கிறவர்கள் ஆட்டம் மேசையில் நடக்கிறது என்று நினைக்கிறார்கள். பாதி ஆட்டம் டெக் கட்டும்போதே முடிந்துவிடும்.

அறுபதுக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் வைக்கிறவன் விவரம் இல்லாதவன். அறுபத்தொன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் நல்ல கார்டு கைக்கு வருவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். அதனால் ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து, நீ இல்லாவிட்டால் நான் தோற்பேனா என்று கேட்க வேண்டும். தோற்கமாட்டேன் என்றால் அதைத் தூக்கி வெளியே போட வேண்டும். பழகிய கார்டு, பிடித்த கார்டு என்று பார்க்கக் கூடாது. ஒரு கார்டு கட்டாயம் வந்தே தீர வேண்டும் என்றால், ஒன்றை வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, நாலையும் வைக்க வேண்டும். அதிர்ஷ்டம் என்பது சோம்பேறிகள் சொல்லும் வார்த்தை. எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.

என் பெயர் மதிவாணன். வயது நாற்பத்திரண்டு. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர், பெர்மனென்ட். இருபத்தோராம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். டெக் கட்டத் தெரியுமே தவிர எனக்கு ஆட வராது. எதிரில் ஆள் உட்கார்ந்தால் கை நடுங்கும், கார்டு கீழே விழும். என்னோடு ஆடிய ஜாகிர் எனக்கு நேர்மாறு. அவனுக்குக் கட்டப் பொறுமை கிடையாது. ஆனால் மேசையில் உட்கார்ந்துவிட்டால் எதிராளிக்கு அவன் முகத்தில் எதையும் படிக்க முடியாது. அவன் காண்ட்ராக்ட் லேபர். பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை வாரிப் போடும் வேலை. கேன்டீனில் நான் கார்டு அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவனாக வந்து உட்கார்ந்தான்.

"நீ கட்டிக்குடு மதி. நான் போயி அடிச்சிட்டு வரேன். ஒனக்கு எதுக்குப்பா இந்த டென்சனு" என்றான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடிதான். புதுக் கார்டு கைக்கு வருவதற்கு முன்னால் அதன் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, பழைய கார்டின் மேல் ஒட்டி ஆடிப் பார்ப்போம். பழகுவதற்கு அது போதும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டால் பின்பக்கம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது அசல், எது ஜெராக்ஸ் என்று எடுக்கிறவனுக்கே தெரியாது.

அந்த மாடியில்தான், ஆறு வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு வலிப்பு வந்ததை நான் பார்த்தேன். மேசையோடு சாய்ந்துவிட்டான். எனக்கு வேறென்ன தெரியும், பைக் சாவியை அவன் கையில் திணித்துப் பிடித்துக்கொண்டேன். தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, யாராவது பார்த்தார்களா என்பது.

"யார்கிட்டயும் சொல்லிடாத மதி. காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா கேட் பாஸ வாங்கிக்குவான். அப்புறம் ருக்சாரும் புள்ளைங்களும் என்னா பண்ணுவாங்க."

ருக்சார் அவன் மனைவி. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. புதுச்சேரியில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த காப்ஸ்யூலை மாதாமாதம் வாங்க அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை. நான் பெர்மனென்ட் என்பதால் கம்பெனி ஆஸ்பத்திரியில் எனக்கும் என் குடும்பத்துக்கும் மருந்து இலவசம். என் மனைவி விஜயலட்சுமியை டாக்டரிடம் அழைத்துப்போய், ஜாகிருக்கு வருவதையெல்லாம் அவளுக்கு வருவதாகச் சொல்லவைத்து, அவள் பெயரில் மருந்து எழுதி வாங்கினேன். அவளுக்கு வலிப்பு கிடையாது. என் பேச்சைக் கேட்டு வந்தாள், அவ்வளவுதான். அவளை இதில் இழுக்க வேண்டாம். டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் ஆட்களுக்காக இப்படிச் செய்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன்.

மருந்து ஸ்ட்ரிப்பின் முதுகில் ஆஸ்பத்திரி முத்திரை இருக்கும். ஜாகிர் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் காண்ட்ராக்டரின் மேஸ்திரி குடியிருந்தார். குப்பையில் ஸ்ட்ரிப் கிடந்தாலே கேள்வி வரும். அதனால் நானே காப்ஸ்யூலை எல்லாம் பிதுக்கி எடுத்து, பழைய பச்சை டெக் டப்பாவில் போட்டு, ஒன்றாம் தேதி விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொடுத்துவிடுவேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று முப்பது நாளைக்கு அறுபது. டப்பாவும் அறுபது கார்டு டப்பா. அது தானாக அமைந்தது, நான் திட்டம் போட்டு அமைக்கவில்லை. ஆறு வருஷம் அவனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. தைரியமாக பைக் ஓட்டினான். அது என்னால்தான். நான் செய்த நல்லதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன மாசம் இருபத்தி நாலாம் தேதி பெங்களூருவில் தேசியப் போட்டி இருந்தது. அதற்கு முன் சென்னையில் நடந்த தகுதிச் சுற்றில் நான் கட்டிக்கொடுத்த டெக்கை வைத்து ஜாகிர் இரண்டாவதாக வந்திருந்தான். அங்கே கார்டு கடை வைத்திருக்கும் ஒருவர், பெங்களூருவில் முதல் எட்டுக்குள் வந்தால் கடையிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். போட்டிகள் நடத்துவது, புதிதாக வருகிறவர்களுக்கு ஆடக் காட்டுவது, அந்த மாதிரி வேலை. குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விடலாம்.

"ஏசி ரூம்பு மதி. அங்க நான் விழுந்தாக்கூட தரையிலதான் விழுவேன், பெல்ட்டுல இல்ல" என்றான்.

சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். பிறகு அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"இந்த தபா லிஸ்ட்ட நானே போட்டுக்கினேன். கோச்சிக்காத."

பார்த்தேன். அறுபது கார்டு. வாட்ச்மேன் இல்லை. வாட்ச்மேன் என்பது ஒரு கார்டுக்கு நாங்கள் வைத்த பெயர். அதன் இங்கிலீஷ் பெயர் நீளமானது. அது மேசைக்கு வந்ததிலிருந்து ஒன்றும் செய்யாது, சும்மா இருக்கும். எதிராளி நம்மை முடிக்கப் போகும் நேரத்தில் ஒரே ஒரு தடவை குறுக்கே நின்று தடுக்கும். யாரும் சீண்டாத கார்டு. அதை டெக்கில் சேர்த்தது நான். சென்னையில் இரண்டு ஆட்டம் அதனால்தான் தப்பித்தான்.

"வாட்ச்மேன் எங்க?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன். அவன் ஒன்னும் பண்றதில்ல மதி. கடைசிவரைக்கும் ஒக்காந்துக்கினே இருக்கான். இப்பல்லாம் ஆட்டம் வேகமாப் போவுது."

"சரி. நான் லீவு சொல்லிட்டேன், கூட வரேன்."

"நீ எதுக்கு? லீவ வீணாக்காத. ஜெயிச்சா மொத போனு ஒனக்குத்தான்."

அன்பாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து அவன் லிஸ்ட்டையும் என் லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்து மூன்று நாள் ஆடிப் பார்த்தேன். அவனுடையதுதான் நல்ல டெக். தப்பாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் இருந்திருக்காது, திருத்திக் கொடுத்திருப்பேன். சரியாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது. ஷிஃப்ட், சாப்பாடு, தூக்கம், மறுபடி ஷிஃப்ட் என்று போகும் வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவன் சென்னைக்குப் போய்விட்டால் ஜெராக்ஸ் கடை மாடியில் நான் யாரோடு உட்காருவது. விஜயலட்சுமி, "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு" என்று கேட்டாள். ஷிஃப்ட் அலுப்பு என்றேன்.

அதற்கு முந்தின மாசம் முப்பத்தொன்றாம் தேதி ஒரு காப்ஸ்யூலைப் பிரித்தேன். உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, பொடித்த சர்க்கரையை அடைத்தேன். அரிசி மாவுதான் போடுவதாக இருந்தேன், மாவு டப்பா காலியாக இருந்தது. இரண்டு பாதியும் பழையபடி பொருந்திக்கொண்டன. அதை டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். அறுபதில் ஒன்று. நான் நினைத்தது இவ்வளவுதான். மாசத்தில் ஏதோ ஒரு நாள் வீட்டில் லேசாக ஒரு தடவை வரும், ருக்சார் பயந்துபோய் பெங்களூருக்கு அனுப்பமாட்டாள். அடுத்த வருஷத்துக்குள் அவன் லிஸ்ட் பழசாகிவிடும், மறுபடியும் சேர்ந்து கட்டலாம். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்மாபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினான். மைன்ஸில் இறைக்கும் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரமாகத்தான் ரோடு. பைக்கோடு உள்ளே சாய்ந்துவிட்டான். முழங்கால் அளவு தண்ணீர்தான். முகம் கீழே இருந்தது. பைக்கில் பெரிய அடி ஒன்றும் இல்லை.

அவன் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அழுதேன், அது நடிப்பில்லை. ருக்சார் என்னைப் பார்த்து, "மாத்திர போட்டுக்கினுதாண்ணே போனாரு. நான்தான் தண்ணி மோந்து குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்பது நாளுக்குப் பதினெட்டு, அன்று காலை ஒன்று, ஆகப் பத்தொன்பது. அறுபதில் பத்தொன்பது என்றால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அந்த ஒன்று வந்துவிட்டது என்றால் அது அவன் கெட்ட நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ருக்சார் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே எறும்பு மொய்த்துக் கிடந்திருக்கிறது. ஆறு வருஷமாக அந்தக் கசப்பு மருந்தில் ஒரு எறும்பு ஏறியதில்லை. என்னிடம் கொண்டுவந்து கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பேன். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். விவரமான பெண்.

நேற்று நீங்கள் மேசையில் இரண்டு டப்பாவை வைத்தீர்கள். ஒன்று அந்தப் பச்சை டப்பா. இன்னொன்று அவன் பெங்களூருக்குக் கட்டி வைத்திருந்த டெக். இந்த விளையாட்டு என்னவென்று சொல்லுங்கள் என்றீர்கள். நான் டெக்கைத்தான் முதலில் எடுத்து எண்ணினேன். அறுபத்தொன்று இருந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் அறுபத்தொன்று. அவன் லிஸ்ட்டில் இருந்த அறுபதும் அப்படியே இருந்தது. கடைசியில் வாட்ச்மேன். கூடவே அவன் கையெழுத்தில் போட்டிக்கு எழுதிய படிவம், ஒன்பதாம் தேதி போட்டது. அதிலும் வாட்ச்மேன் இருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தேசியப் போட்டிக்கு எவனாவது அறுபத்தொன்று எடுத்துக்கொண்டு போவானா. பதினோரு வருஷம் நான் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லையா என்று நினைத்தேன். அந்தக் கார்டு தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், என்னை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் சேர்த்திருக்கிறான். அப்போதுதான் கையிலிருந்த கார்டு கீழே விழுந்தது. நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள்.

அதன்பிறகு நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு வேளை மருந்து தப்பினால் உடனே வலிப்பு வருவது அபூர்வம், நாள் கணக்கில் நின்றால்தான் இப்படி அடித்துப் போடும் என்று டாக்டர் சொன்னாராம். அதோடு, நான் நேற்றுச் சொன்னபடி போலி ஒன்றுதான் என்றால் அது பத்தாம் தேதிக்குள் அவன் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டும், மிச்சம் இருந்த நாற்பத்தொன்றில் எறும்புக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நீங்கள் டெக் கட்டினால் நன்றாகக் கட்டுவீர்கள்.

எனக்கும் இதைச் சுமந்துகொண்டிருக்கத் தெம்பு இல்லை. எழுதச் சொல்லுங்கள். ஒன்றை வைத்துவிட்டுச் சாமி கும்பிடுவது என் பழக்கமில்லை என்று முதலிலேயே சொன்னேன். அறுபதையும் பிரித்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தவன் முடிக்கும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. மறுநாள் காலையில் விஜயலட்சுமி, "சக்கர டப்பா ஏங்க காலியாக் கெடக்கு" என்று கேட்டாள். எறும்பு வந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன். கல்யாணப் பத்திரிகையை ஜாகிர் முந்தின வாரமே என்னிடம் காட்டியிருந்தான். பைக்கில்தான் போவேன் என்றும் சொல்லியிருந்தான்.

இவ்வளவுதான், மேடம். தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி. பத்தொன்பது வேளையும் அதற்குள் கையை விட்டு, எதை எடுப்பது என்று பார்த்து எடுத்தது அவன்தான்.