பகிடியெண்டா நாங்களும் சிரிப்பம்

மன்னார் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பேசாலை தாண்டியதும் ஒருத்தி சொன்னாள்:

"எங்கட பள்ளிக்கூடத்துப் புது அதிபர் ஒரு பெரிய மனுசனைப் பகிடி சொல்லச் சொன்னவ."

"ஏனாம்?"

"நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து வந்த ஆக்களெல்லோ. வகுப்பில ஒருத்தி என்ர மகளைத் தோட்டக்காட்டாள் எண்டு நக்கலாத்தான் கூப்பிடுறவள். பழைய அதிபரிட்டைச் சொன்னா, பிள்ளையளின்ர விளையாட்டு எண்டுவார். புது அதிபர் ரெண்டு வீட்டுக்காரரையும் கூப்பிட்டவ. அப்பிடிக் கூப்பிட்டவளின்ர தகப்பன் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில பெரிய ஆள். 'அது சும்மா பகிடி' எண்டார்."

"அதுக்கு அதிபர்?"

"'பகிடியெண்டா இந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்து நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ, நாங்களும் சிரிப்பம்' எண்டவ. மனுசன் அதைச் சொல்லாமல் என்ர மகளிட்டை மன்னிப்புக் கேட்டார்."

"மகள் பரவாயில்லை எண்டவளோ?"

"இல்லை. 'உங்கட மகளும் கேக்கோணும்' எண்டவள். அதிபர் உடன அவளையும் கூப்பிட்டுக் கேக்க வைச்சவ."

"பயப்பிடேல்லையோ பிள்ளை?"

"நானும் அதைத்தான் வீட்டை வந்து கேட்டனான். 'ஏன் பயம், அதிபர் என்ர பக்கத்திலயெல்லோ இருந்தவ' எண்டாள்."