கிண்ணத்தைக் குலுக்காத முத்லக்

துக்க வரிசையில் நின்று நம் கைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் அன்பு மகன் பர்ராக் அவர்களே! மேடை இல்லாத குறையை ஈடுகட்ட உயரமான மெத்தைகளைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும் ஜஹ்ரா நகரப் பெரியோர்களே! வாசல் குவியலில் தங்கள் செருப்பை விட்டுவிட்டு நல்ல செருப்பைத் தேடும் தம்பிமார்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

திவானியாவின் தீரர், காப்பிக் கெண்டியின் தளபதி, பர்ராக்கின் தந்தையான நம் அபு பர்ராக் முத்லக் அவர்கள் மறைந்துவிட்டார். அழத்தான் வந்தோம். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அழுகையோடு ஒரு நிம்மதிப் பெருமூச்சும் வருகிறதா இல்லையா? எனக்கு வருகிறது. ஏன் என்று சொல்லவே எழுந்தேன்.

இந்தத் திவானியாவில், இந்த வரவேற்பு மண்டபத்தில் அவர் ஊற்றிய காப்பியைச் சேர்த்து வைத்திருந்தால் வளைகுடாவே கசந்திருக்கும்! மீன்கள் தூக்கமில்லாமல் கரையேறி வந்து நம்மோடு சீட்டாடியிருக்கும்! இன்றைய பொடியன்கள் காகிதக் கோப்பையில் குடிக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். விருந்தாளி கிண்ணத்தை நீட்டினால் ஊற்ற வேண்டும். போதும் என்றால் அவர் குலுக்கிக் காட்டுவார். குலுக்கும்வரை வீட்டுக்காரர் எழக் கூடாது. குடிக்காமல் கீழே வைத்தாலோ, அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அதை நிறைவேற்றாத வீட்டுக்காரர் ஊரில் தலைகாட்ட முடியாது. இந்தச் சின்னக் கிண்ணத்தை வைத்துத்தான் முத்லக் ஒரு போரை நிறுத்தினார்!

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்ட். காலைத் தொழுகை முடிந்து கெண்டி கொதிக்கிறது. வடக்குப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர், நம் எண்ணெயின் மணம் பொறுக்காமல், எல்லை தாண்டி டாங்கிகளை அனுப்பிவிட்டார். பாலைவனமே எழுந்து நடந்து வருவது போல வந்தார்கள். எல்லைக் காவலில் இருந்த நம் பிள்ளைகளைக் கட்டி ஒரு லாரியில் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் இந்தப் பர்ராக்.

தலைநகருக்குப் போகும் சாலையில் முதல் பெரிய வீடு இதுதான். தொலைபேசிக் கம்பியை அறுக்க தன் வீரர்களோடு உள்ளே வந்தார் கர்னல் ஷாகிர். நான் அங்கேதான், ஒரு பெரிய தலையணைக்குப் பின்னால் மிகுந்த வீரத்தோடு ஒளிந்திருந்தேன்.

“பெரியவரே, இன்னியிலேர்ந்து இந்த நாடு எங்களோடது. இந்த வீடும் எங்களோடது. ஒதுங்குங்க” என்றார் கர்னல்.

முத்லக் என்ன செய்தார்? கெண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்!

“நல்லதாப் போச்சு மகனே. அப்ப நீங்க வீட்டுக்காரரு, நான் விருந்தாளி. ஊத்துங்க.”

“விளையாடுறீங்களா?”

“உங்க வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க? வந்த கிழவனுக்கு ஒரு வாய் காப்பி இல்லையா? பசங்க பாக்குறாங்கப்பா.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வீரர்களில் பாதிப் பேர் நமக்கு மாமன் மச்சான் முறை; கர்னலும் நம்மைப் போலப் பாலைவனக் கூடாரத்தில் பிறந்தவர், விருந்து முறை தெரிந்தவர். பற்களைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். முத்லக் கிண்ணத்தை வாங்கினார். குடிக்காமல் கம்பளத்தின் மேல் வைத்தார்.

மண்டபத்தில் ஈ பறந்தால் கேட்கும். ஈக்களும் உட்கார்ந்துவிட்டன.

“என்ன வேணும்?” என்றார் கர்னல்.

“வெளியில லாரில கட்டிப்போட்டிருக்கீங்களே, அவங்களும் உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிங்கதானே. உள்ள வந்து குடிக்கட்டும். அப்புறம் நான் குடிக்கிறேன்.”

அந்தக் கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே மகனின் உயிர் அல்லவா?

கர்னல் தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில், “அவுத்து விடுங்கடா” என்றார்.

பிள்ளைகள் வந்தார்கள், குடித்தார்கள். தன் வீட்டில் குடித்தவர்களைக் காப்பது இனி கர்னலின் மானம்! முத்லக்கும் குடித்தார். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். மறுபடி நீட்டினார். பின்வாசல் வழியாகத் தெருவே வந்து உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டியது. ஒருவரும் குலுக்கவில்லை; கர்னலால் எழ முடியவில்லை, டாங்கிகள் சாலையிலேயே நின்றன. நண்பகலானதும் விருந்தாளிகளுக்குப் பசி என்றார் முத்லக். ஆட்டுக்கறிச் சோறு, நம் மச்பூஸ், வெந்தது. அன்று பிற்பகல் ஜஹ்ராவில் ‘மே’ என்று சொல்ல ஓர் ஆடு மிச்சமில்லை.

அதற்குள் தலைநகர் விழித்துவிட்டது. சாலைகள் அடைபட்டன, நட்பு நாடுகளின் படைகள் புறப்பட்டன. வடக்கிலிருந்து அவசர உத்தரவு வந்தது: பயிற்சியில் வழி தவறிவிட்டோமாம், திரும்ப வேண்டுமாம்! டாங்கிகள் ஏப்பம் விட்டபடியே போயின. அவர்கள் தங்கியிருந்தால்? கிணறுகள் எரிந்து பகலே இருட்டியிருக்குமோ? எத்தனை வீட்டுப் பிள்ளைகள் திரும்பாமலே போயிருப்பார்களோ?

நாமெல்லாம் மறுநாளே தூங்கிவிட்டோம். முத்லக் தூங்கவில்லை. அன்றிலிருந்து அவர் கிண்ணத்தைக் குலுக்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். குடித்து முடித்து, நைஸாகத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார். “ஏன்யா, கை வாதமா?” என்று நான் கிண்டல் செய்தேன்.

“குலுக்குனா விருந்து முடிஞ்சிரும்டா. விருந்து முடிஞ்சா அந்தக் கர்னல் எழுந்திரிச்சிருவான்” என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மனிதர் தனியாளாக எல்லையைக் காத்துக்கொண்டிருந்தார், ஐயா!

போன மாதக் கடைசியில் வடக்கிலிருந்து ஒரு வாடகைக் காரில் ஒரு கிழவர் வந்து இறங்கினார். கர்னல் ஷாகிர்! முத்லக் அருகில் உட்கார்ந்தார், அவரே கெண்டியை வாங்கி ஊற்றினார். முத்லக் குடித்தார். கிண்ணம் மெல்லத் தலையணைப் பக்கம் நகர்ந்தது.

“மாமா, இப்பவாவது குலுக்குங்க” என்றார் கர்னல். “எத்தனை வருஷமா உக்காந்திருக்கேன், கால் மரத்துப்போச்சு. எழுந்தா நேரா என் வீட்டுக்குத்தான் போவேன். சத்தியமா.”

முத்லக் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இப்படி, மணிக்கட்டை ஆட்டிக் கிண்ணத்தைக் குலுக்கினார். அன்று அவர் விட்ட குறட்டையை நான் தெருமுனையில் கேட்டேன். அதற்கடுத்த வாரம் அப்படியே தூக்கத்தில் போய்விட்டார். இதைவிட நல்ல சாவு உண்டா?

அபு பர்ராக் அவர்களே! உங்கள் மண்டபக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க மாட்டோம். கெண்டியை ஆற விட மாட்டோம். யார் வந்தாலும், எதில் ஏறி வந்தாலும், முதலில் காப்பி, பிறகுதான் பேச்சு. இது ஜஹ்ராவின் வாக்கு.

அதோ, கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கர்னல் ஷாகிர் அவர்களே! அங்கே என்ன வேலை உங்களுக்கு? இந்த வீடு உங்களுடையது என்று சொன்னது நீங்கள்தானே? பர்ராக் பக்கத்தில் வந்து நில்லுங்கள். வீட்டுத் துக்கம், வந்தவர்களுக்கு நீங்கள்தான் ஊற்ற வேண்டும்.