அண்ணனுக்கு நான் செய்த பக்கங்கள்

ஒரு பக்கத்தில் மூன்று படங்களுக்கு மேல் வைக்காதீர்கள் என்றுதான், என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். ஆசைக்குப் பத்துப் படத்தை அடைத்துவிட்டால், பார்க்கிறவருடைய கண் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலையும். ஒன்று பெரியது, இரண்டு சின்னது. போதும். இது தெரியாமல் எத்தனையோ பேர் தங்கள் கல்யாணத்தையே ரயில் நிலையக் கூட்டம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், மேடம். வரிசையாகச் சொல்வது எனக்குப் பழக்கம்தான். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. கம்ப்யூட்டரிலேயே ஞாபக ஆல்பம் செய்து கொடுப்பேன். வண்ணத்தாள், பொத்தான், ரிப்பன், காய்ந்த பூ எல்லாம் திரையில்தான் இருக்கும். ஆனால் அச்சாகி வந்ததும் நிஜமாக ஒட்டியது என்று நினைத்து விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒன்றும் தட்டுப்படாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நான் பிழைத்தேன்.

என் அண்ணனுக்கு நான் செய்ததும் அப்படி ஓர் ஆல்பம்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். அதனால் அவள் முகம் முழுதாகத் தெரிகிற படங்கள் கொஞ்சம்தான். அவர்களுக்கு ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தேன். அண்ணி ஒருநாள்கூட என்னை வேற்றாளாகப் பார்த்ததில்லை. இதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாக இருக்காது.

விபத்தைப் பற்றி உங்கள் பழைய கோப்பில் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், அண்ணியின் அக்கா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் எங்கள் கார் மோதியது. பின் இருக்கையில் இருந்த அண்ணி அங்கேயே போய்விட்டாள். அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி. எனக்கு மணிக்கட்டில் மட்டும் ஒரு விரிசல். சிட்டு அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

அண்ணன் பிழைத்தார். ஆனால் விபத்துக்கு முந்தைய இரண்டு வருடமும் அவர் தலையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. கார் வாங்கியதே அவருக்கு நினைவில்லை. மருத்துவமனையில் ஞாபகப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்கதான் ஆல்பம் பண்றவங்களாச்சே. இவருக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. மறந்து போனதெல்லாம் அதுல இருக்கட்டும், தினமும் பார்க்கட்டும். எழுதறத 'நான்'னு எழுதுங்க, அவரே சொல்ற மாதிரி. அப்பதான் மனசுல ஒட்டும்."

அந்த அம்மா நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

முதலில் படங்களைத் திரட்டினேன். அண்ணியின் போனிலிருந்து, என்னுடையதிலிருந்து, சொந்தக்காரர்களிடமிருந்து. மங்கலானதைத் தள்ளினேன். ஒரே மாதிரி நான்கு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டேன். சிட்டு முதல் பல் விழுந்து இளித்துக்கொண்டு நிற்பது, அண்ணி வாய்மேல் கையோடு, அண்ணன் புதுக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பது. பின்னணிக்கு வெளிறிய பழுப்புத் தாள். துக்கம் உள்ள வீட்டுக்குப் பளிச்சென்ற நிறம் ஆகாது.

பிறகு அடுக்குவது. ஒவ்வொரு பொருளும் தனித்தனி அடுக்காக, கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்று வைத்த மாதிரி இருக்கும். கீழே தாள், அதன்மேல் படம், படத்தின் மூலையில் ஒட்டுப்பட்டை. ஒவ்வொன்றுக்கும் அடியில் லேசாக நிழல் போட வேண்டும். நிழல் இல்லாவிட்டால் எல்லாம் அந்தரத்தில் மிதக்கும். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழ வேண்டும். ஒன்று மாறினாலும், என்ன குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்க்கிறவருக்கு உறுத்தும். இதில் நான் கெட்டிக்காரி என்று பெயர்.

அடுத்து எழுத்து. கையெழுத்து சரியாக வரட்டும் என்று மருத்துவமனையில் அண்ணனைத் தினமும் எழுத வைத்தார்கள். அந்தத் தாள்களை வாங்கி வந்து ஸ்கேன் செய்தேன். அவர் எழுதிய 'நா'வை ஓரிடத்திலிருந்தும் 'ன்'னை வேறோர் இடத்திலிருந்தும் வெட்டி எடுத்துச் சேர்த்தேன். படிக்கும்போது தானே எழுதி வைத்த மாதிரி தோன்றும். பயிற்சி அம்மா அதைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு பாசமான தங்கையைத் தான் பார்த்ததில்லை என்றார்.

விபத்துப் பக்கத்துக்கு அவர் கையெழுத்தில் நான் சேர்த்த வரி இது: 'அன்று காரை நான்தான் ஓட்டினேன்.'

ஓட்டியது அண்ணன் இல்லை, மேடம். நான்.

அண்ணன் வேலை அலுப்பில் முன் இருக்கையில், என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து போனில் செய்தி வந்தது. மணப்பெண்ணின் தாடையை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அதைப் படித்து முடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது. அதாவது, லாரி நின்ற இடத்தில்தான் நின்றது. நான்தான் போனேன்.

போலீஸ் வருவதற்குள் தெருவில் போனவர்கள் அண்ணனை வெளியே இழுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். நான் எப்படியோ இறங்கி மழையில் நின்றேன். யார் ஓட்டியது என்று போலீஸ்காரர் கேட்டார். கூட்டத்தில் ஒருவர், "இவர்தாங்க ஓட்டிட்டு வந்திருப்பாரு, வேற யாரு?" என்று அண்ணனைக் காட்டினார். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன். அண்ணன் பிழைக்க மாட்டார் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். போகிறவர் மேல் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதில் எனக்கு வந்த சந்தோஷமும் பொய்யில்லை.

நான் உள்ளே போய்விட்டால் சிட்டுவை யார் பார்ப்பது என்று யோசித்தேன். வீட்டில் மறதிக்காரர் ஒருவர், தாயில்லாத குழந்தை ஒன்று. அண்ணனை நோயாளி என்று விட்டுவிடுவார்கள், என்னை விடமாட்டார்கள். இப்படிக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. போலீஸிலும் அப்படியே விட்டுவிட்டார்கள். லைசென்ஸை மட்டும் பறித்தார்கள்.

அந்தப் பக்கத்துக்கு மருத்துவமனைப் படம் ஒன்று தேவைப்பட்டது. படுக்கையில் அண்ணன் சாய்ந்திருக்கிறார், மேல்சட்டை நழுவியிருக்கிறது. சீட் பெல்ட் இறுக்கியதில் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே நீலப் பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. ஓட்டுகிறவருக்கு பெல்ட் ஒரு தோளில் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு மறு தோளில். அண்ணனுடைய காயம் பக்கத்தில் இருந்தவரின் தோளில் இருந்தது. படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாகத் திருப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினேன். அடுக்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பழைய படத்தை அழித்தேன்.

அண்ணன் அந்தப் பக்கத்தை முதலில் படித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு, "குட்டி, நானா?" என்றார். குட்டி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நான் ஆமாம் என்றேன். அடுத்த நாளும் அதையே கேட்டார். பயிற்சி அம்மா சொன்னபடி, தினமும் படித்தார். மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்திவிட்டு, அண்ணியின் படத்துக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார்.

ஒரு வருடம் போனதும் வேறொன்று நடந்தது. நான் எழுதாததையெல்லாம் அவர் சொல்ல ஆரம்பித்தார். ஸ்டீயரிங் கையில் அதிர்ந்தது, மழையில் முன்கண்ணாடி மங்கியது, பாட்டை மாற்ற ரேடியோ பக்கம் குனிந்தது. "ரேடியோவத் தொடாம இருந்திருந்தா அவ இருந்திருப்பா இல்ல, குட்டி?" என்பார். எங்கள் காரில் ரேடியோ வேலை செய்ததே இல்லை. ஆனால் நான் என்ன சொல்ல முடியும்? அப்படியெல்லாம் நினைக்காதீங்கண்ணா என்று சொல்லிக் காபி போட்டுக் கொடுப்பேன்.

சிட்டுவுக்கு விவரம் தெரிந்ததும் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் சாப்பிட வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து அவளுடைய செருப்பை வரிசையாக எடுத்து வைப்பார். அவள் வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு போவாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அவ செய்யறது சரிதான்" என்பார். அவள் என் அறையில்தான் தூங்கினாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் போட்டேன். ஒருமுறை காய்ச்சலில் என்னை அம்மா என்றாள். நான் திருத்தவில்லை. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அந்த வருடங்கள் எனக்கு நன்றாகத்தான் இருந்தன.

சிட்டுவுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. இந்த மாதம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். கற்றுக்கொடுக்கிறவர் முதல் நாள் பெல்ட்டை மாட்டிக் காட்டி, பக்கத்து இருக்கையில் தானும் மாட்டிக்கொண்டார். இவள் அவர் தோளையும் தன் தோளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, அப்பா மார்பில் இருந்த காயத்தைப் பார்ப்பதற்காக, தொடவே மாட்டேன் என்று வைத்திருந்த அந்த ஆல்பத்தை எடுத்திருக்கிறாள். காயம் ஓட்டுகிறவர் தோளில் இருந்தது. அதோடு விட்டிருப்பாள். நான் ஸ்டுடியோவிலிருந்து வந்தபோது சமையலறையில் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, அப்பாவோட மச்சம் எந்தக் கன்னத்துல?"

"இடது" என்றேன், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"இதுல வலதுல இருக்கு."

பிடிபட வேண்டும் என்றே அந்த மச்சத்தை விட்டுவைத்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. இல்லை, மேடம். மணப்பெண்களின் பரு ஒன்று விடாமல் துடைத்தவள் நான். என் அண்ணன் முகத்தில் அது என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அழகுக்காகத் திருப்பினேன் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். அவள் படத்தில் இருந்த மச்சத்தின் மேல் விரலை வைத்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. நேராக அப்பாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பதறி எழுந்து அவளுக்கு இடம் விட்டார். "உக்காருங்கப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே அவர் அழுதுவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும், "இல்லம்மா, ஓட்டினது நான்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

சிட்டு வெளியே வந்தாள். "நீங்கதான பண்ணீங்க. நீங்களே சரி பண்ணுங்க" என்றாள்.

அதனால் மறுபடி ஒரு பக்கம் செய்தேன். படத்தைத் திருப்பி மச்சத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தேன். ரிப்பன், பொத்தான் எதுவும் வைக்கவில்லை. என் சொந்தக் கையெழுத்தில் எழுதினேன்: 'அன்று காரை ஓட்டியது நான், உங்கள் தங்கை. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.' அதை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். சிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

அண்ணன் விரலை வைத்துப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு குட்டி இதெல்லாம்? சிட்டு எங்கூடப் பேசணும்னு நீ பழிய இழுத்து உன் தலைல போட்டுக்கறியா?"

"இல்லண்ணா. இதுதான் நிஜம்."

"நீதான் தூங்கிட்டிருந்த. நான் திரும்பிப் பார்த்தேனே. வாயத் தொறந்துகிட்டு, சின்னப் புள்ள மாதிரி." அவர் என் தலையைத் தடவினார். "இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கெடைக்கும்?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. ரேடியோ வேலை செய்யாதது, போனில் வந்த செய்தி, அவர் தோளில் இருந்த காயம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். சிட்டு அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றாள்.

நான் "சரிண்ணா" என்றேன்.

அண்ணன் இப்போது உங்கள் ஸ்டேஷன் வாசலில், பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கூப்பிட்டால் வந்து, தானே ஓட்டியதாகச் சொல்வார். என்னைவிட நன்றாகச் சொல்வார், ரேடியோவைக்கூட விடாமல் சொல்வார். என்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவார். தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்வதில் ஒரு வரிகூட அவருடையதில்லை.

மனசாட்சி உறுத்தி நானே தேடி வந்ததாக நீங்கள் தட்டச்சு செய்வதைத் திரையில் பார்த்தேன். அதை மட்டும் அழித்துவிடுங்கள், மேடம். அண்ணன் நம்பமாட்டேன் என்று சொன்னபோது, தப்பித்தேன் என்றுதான் எனக்கு இருந்தது. உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. மறுநாள் வழக்கம்போல ஸ்டுடியோவுக்குக் கிளம்பி நின்றேன். சிட்டுதான் என் கையைப் பிடித்து இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். நானாக வரவில்லை.