வெளுத்த பச்சையில் ஒரு ரோஸ் முடிச்சு

சுகுமார்: பாரு பாரு, தண்ணியிலேர்ந்து எடுத்துட்டேன்! வெளுத்திருக்குதா இல்லையா?

கலைப்பிரியா: இதுவாண்ணா வெளுப்பு? சொறி புடிச்ச மாதிரி திட்டுத் திட்டா இருக்குது.

சுகுமார்: ராத்திரி பூரா பிளீச்சிங் பவுடர்ல ஊறிச்சு! புது மீன்வலையிலேர்ந்து ஒரு முழம் வெட்டியிருக்கேன், தங்கச்சி கழுத்து மாலை கட்டணுமேன்னு.

செந்தாமரை: ஏங்க, எந்தப் பக்கெட்டுல ஊற வச்சீங்க?

சுகுமார்: அது... அந்த நீலப் பக்கெட்டு.

செந்தாமரை: கொழந்தைத் துணி துவைக்கிற பக்கெட்டா! நல்ல புருஷன் வாச்சாரு எனக்கு. வலை வெளுக்கல, என் பக்கெட்டு வெளுத்துப்போச்சு.

கலைப்பிரியா: அண்ணி, பக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். ஜெசிந்தா அக்கா இப்ப போன் பண்ணுவாங்க. மாலை கெடைக்குமா கெடைக்காதான்னு ஒரு வார்த்தை சொல்லியாகணும். வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம்!

சுகுமார்: திண்டிவனத்துல இல்லாத நகைக்கடையா? அந்தப் பொண்ணு எதுக்கு மீன்காரன் வலையைக் கழுத்துல மாட்டிக்கினு சர்ச்சுக்குப் போவணும்?

கலைப்பிரியா: அவங்களுக்கு அடிக்கிற கலரே ஆகாதாம். வெள்ளைப் புடவைக்குப் பளபளன்னு எதைப் போட்டாலும் நகைதான் தெரியுது, மூஞ்சி தெரியலன்னு சொன்னாங்க. விழுப்புரம் மகளிர் குழு கண்காட்சியில என் கழுத்துல இருந்த மாலையைப் பார்த்துட்டு, புடிச்ச கையை விடவே இல்ல. "இந்த வெளுத்த கலரைத்தான் நான் தேடிக்கினு இருந்தேன்"னாங்க. அவங்களுக்கு ஒண்ணு, தோழிப் பொண்ணுங்களுக்கு ஆறு. ஏழு மாலைண்ணா! நான் இதுவரைக்கும் ஒண்ணு ரெண்டு வித்ததோட சரி.

செந்தாமரை: எங்கம்மா கேட்டா மயக்கம் போட்டு விழும். கல்யாணத்துக்குப் போயி வெளுத்த கலரா?

கலைப்பிரியா: அது அடங்குன கலரு அண்ணி. புது வலைப் பச்சை கண்ணைக் குத்தும். கடலுக்குப் போயிப் போயி, வெயில்ல காஞ்சு காஞ்சு... நிழல்ல உலர்த்துன முருங்கைக்கீரை மாதிரி ஆயிடும். தொட்டாலே மெத்துன்னு இருக்குது, பாருங்க!

செந்தாமரை: நடுவுல அந்த முடிச்சு?

கலைப்பிரியா: அது செவப்பா இருந்த நூலு. இப்ப மல்லாட்டைக் கடலையோட உள்தோல் ரோஸு. அந்தப் பச்சைக்கு இந்த ரோஸு இருக்குதே... ஐயோ, எனக்கே பார்க்கப் பார்க்க...

சுகுமார்: பார்க்கப் பார்க்க?

கலைப்பிரியா: ...நல்லா இருக்குதுன்னு சொன்னேன்.

சுகுமார்: அப்ப இன்னா யோசனை? கழுத்துல இருக்கிறதைக் கழட்டு. மொதல்ல அதை அந்தப் பொண்ணுக்குக் குடு, மீதி ஆறைப் பார்த்துக்கலாம்.

கலைப்பிரியா: இதையா? இது... சாம்பிளு.

சுகுமார்: சாம்பிளைப் போட்டுக்கினுதான் தூங்குறியாம், உங்க அண்ணி சொன்னா.

கலைப்பிரியா: அண்ணீ!

செந்தாமரை: நான் அப்படிச் சொல்லல. குளிக்கிறப்பக்கூட கழட்டறதில்லன்னுதான் சொன்னேன்.

கலைப்பிரியா: ரெண்டு பேரும் சேர்ந்துக்கினு ஓட்டாதீங்க. நானே டென்ஷன்ல இருக்கேன். இன்னா இது, மூலையில சாக்கு மூட்டை? ஒரே மீன் நாத்தம்...

சுகுமார்: ஏய், அதைத் தொடாத! அது... நம்ம பழைய கயிறு. விடு. மாடியில நீல வலை காயப்போட்டியே, அது இன்னாச்சு?

கலைப்பிரியா: வெயில்ல மட்டும் வச்சா மொறமொறன்னு ஆயி ஒடியுதுண்ணா. உப்புத் தண்ணியில ஊறணும், மீன் இழுக்கணும், மணல்ல பொரளணும். அப்பத்தான் கலரு மெதுவா எறங்கும். அதுக்கு வருஷம் ஆகும். நமக்கு இருக்கிறது ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

சுகுமார்: அப்ப வேற வழியில்ல, அதே வலைதான் வேணும். எங்கேர்ந்து எடுத்த?

கலைப்பிரியா: கரையில கெடந்துச்சு.

சுகுமார்: எந்தப் பக்கம்?

கலைப்பிரியா: அதான்... ஐஸ் கம்பெனி பக்கம்.

செந்தாமரை: மரக்காணத்துல பழைய சாமான் கடையில வாங்குனேன்னு என்கிட்ட சொன்ன?

கலைப்பிரியா: அண்ணி, நீங்க எந்தப் பக்கம்?

செந்தாமரை: நான் என் பக்கெட்டு பக்கம்.

சுகுமார்: இப்பிடி வா. கழட்ட வேணாம், சும்மா குனி. ம்... ரெண்டு சுத்து, நூலு வாலு இடது பக்கம். பச்சை வலை கிழிஞ்சா பச்சை நூல்ல கட்டுவான் மனுஷன். செவப்பு நூல்ல கட்டறவன் இந்தக் கரையில யாரு?

கலைப்பிரியா: எனக்கு எப்பிடித் தெரியும்? முடிச்சுன்னா முடிச்சு.

சுகுமார்: கடலுக்குப் போறவன் வீட்டுல பொறந்துட்டு முடிச்சுன்னா முடிச்சுங்கிற! கையெழுத்து மாதிரி அது. நம்ம அப்பா கட்டுனா வாலே இருக்காது, பல்லால கடிச்சுத் துப்பிடுவாரு. சுப்பராயலு மாமா கட்டுனா ஒரு கிழிசலுக்கு நூறு முடிச்சு போட்டு வலையையே மூட்டை ஆக்கிடுவாரு. இது யாரு கை?

கலைப்பிரியா: முடிச்சை விட்டுட்டு வெட்டியிருக்கணும். புத்தி இல்ல எனக்கு...

சுகுமார்: இன்னா முணுமுணுக்கிற?

கலைப்பிரியா: ஒண்ணுமில்லயே.

செந்தாமரை: கலை, போன் அடிக்குது!

கலைப்பிரியா: ஐயோ, ஜெசிந்தா அக்கா! இன்னா சொல்லட்டும்? அண்ணா, இன்னா சொல்லட்டும்?

சுகுமார்: வலை கெடைக்கல, வேற யார்கிட்டயாவது பார்த்துக்கங்கன்னு சொல்லு.

கலைப்பிரியா: மாட்டேன்! ஊர்ல எல்லாரும் குப்பையைப் பொறுக்கி மாலை கட்டுறான்னு சிரிச்சாங்க. மொத மொத ஒருத்தங்க அதைப் போட்டுக்கினு கல்யாணத்துக்கே போறேங்கறாங்க. இதை விட்டுட்டா நான் அப்புறம் எதைக் கட்டுவேன்?

சுகுமார்: அப்ப யாரு வலைன்னு சொல்லு. ஜல்தியா! கால்ல விழுந்தாவது வாங்கிக்கினு வர்றேன்.

கலைப்பிரியா: நீ அங்க போவ முடியாது.

சுகுமார்: எங்க?

செந்தாமரை: போன் கட் ஆயிடுச்சு. திரும்ப அடிப்பாங்க. சொல்லிடு கலை.

கலைப்பிரியா: அப்பா எங்க இருக்காரு?

சுகுமார்: படகுகிட்ட. இங்க பேசுறது அங்க கேக்காது.

கலைப்பிரியா: அவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

சுகுமார்: சத்தியமா. என் வாயால நான் சொல்ல மாட்டேன்.

கலைப்பிரியா: பூவரசன் வலை.

சுகுமார்: எந்தப் பூவரசன்?

கலைப்பிரியா: நடிக்காதண்ணா! தேவநாதன் மாமா புள்ள. நம்ம வலை மேல அவங்க வலை வுழுந்து, அறுத்துக்கினு, அடிதடி ஆயி, ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத வீடு. அந்தப் பூவரசன். கிழியாத எடமா பார்த்து வெட்டித் தரேன்னுதான் சொன்னான். நான்தான் அவன் கட்டுன எடமா வேணும்னு கேட்டு வாங்குனேன். போதுமா?

சுகுமார்: நீயே கேட்டு வாங்குனியா?

கலைப்பிரியா: எனக்கு அவனைப் புடிச்சிருக்குது. சொல்லிட்டேன். அடிக்கிறதுன்னா அடி. ஆனா ஆர்டரை விடச் சொல்லாத.

செந்தாமரை: ஏங்க, வெளையாட்டு போதும். புள்ள அழுவுது.

சுகுமார்: அழுவறியா? ஏய், லூசு... அழாத. அந்த மூலை மூட்டையை அவுரு.

கலைப்பிரியா: பழைய கயிறு எனக்கு எதுக்கு இப்ப?

சுகுமார்: அவுருன்னா அவுரு.

கலைப்பிரியா: எவ்ளோ இறுக்கிக் கட்டி வச்சிருக்கீங்க... இரு... அண்ணா! பச்சை! அண்ணி, ரோஸு முடிச்சு! இங்க ஒண்ணு... இங்க... ஐயோ, முழு வலைண்ணா! ஏழு மாலையா? இதுல ஊருக்கே கட்டலாம்! இந்த ஓரத்தைப் பாருங்களேன், இன்னும் வெளுத்து, கேப்பைக்கூழ்ல மோர் ஊத்துன கலரு... இரு. இது இன்னார் வலைன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?

சுகுமார்: பூவரசனுக்குச் சோத்துக்கைப் பழக்கம். அவன் கட்டுற முடிச்சு மட்டும் ஏன் இடது பக்கம் வாலு விடுது? ஏன்னா எனக்குப் பீச்சாங்கை. ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு, படகு நெழல்ல அவனை உக்கார வச்சுக் கத்துக்குடுத்தவன் நான். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?

செந்தாமரை: திரும்ப அடிக்குது! எடு, எடு!

கலைப்பிரியா: அக்கா! கெடைக்குங்க்கா! ஏழும் கெடைக்கும்! அதே வெளுத்த பச்சை, அதே ரோஸு... ஆமாங்க்கா, முடிச்சோடதான், முடிச்சு இல்லாமயா... சனிக்கிழமை நானே திண்டிவனம் எடுத்துக்கினு வர்றேன். அழலக்கா, சிரிக்கிறேன். வச்சிடறேங்க்கா!

செந்தாமரை: மூக்கைத் தொடை மொதல்ல.

கலைப்பிரியா: அண்ணா, நீயா அந்த வீட்டுக்குப் போன? அப்பாவுக்குத் தெரிஞ்சா பேஜாரு ஆயிடுமே! அந்தத் தெரு வழியாக்கூட நடக்காத மனுஷன்...

சுகுமார்: நான் எங்க போனேன்? நான்தான் பக்கெட்டோட மாரடிச்சிக்கினு இருந்தேனே! விடியக்காலம் கதவைத் தட்டுற சத்தம். தொறந்தா அப்பா நிக்கறாரு, தோள்ல இந்த மூட்டை. "தேவநாதன் வீட்டுக்குப் போயிக் கேட்டு வாங்கிக்கினு வந்தேன்டா. கலை எனக்குச் சோறு போடக் குனியறப்பல்லாம் அந்தப் பையன் முடிச்சு என் கண்ணுக்கு நேரா ஆடுது, நான் இன்னா குருடனா? அவளா வாயைத் தொறந்து சொல்ற வரைக்கும் அவுக்காத"ன்னாரு. போறப்ப திரும்பி நின்னு இன்னொண்ணும் சொன்னாரு... "ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துட்டேன். நல்லாத்தான் கட்டியிருக்கான்."